ஒருவருக்கு ஒரு கேள்வி

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று இருபத்திரண்டு. பதினொன்றரை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் போனவர் ரயில் நிலைய விசாரணைக் கவுண்டரில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவர். எட்டு நிமிடத்தை நான் விழுங்கினால், எங்கிருந்தாவது கண்ணாடியைத் தட்டித் திருத்துவார். அவர் என் கணவர்.

ஃபோனில் பேசியது அவருடைய ஸ்பானிஷ் டீச்சர், இருபத்தைந்து வயதுப் பெண். நான் யார் என்று கேட்டாள். வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். உட்கார்ந்திருக்கிறேனா, நிற்கிறேனா என்று கேட்டாள். மூன்று கேள்வி. அவராக இருந்தால் இரண்டாவதிலேயே அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். அதற்கப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டு அழுதாள். வகுப்பில் எழுதிக்கொண்டே இருந்தவர் அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டார் என்றும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், டாக்டர் கையை விரித்துவிட்டார் என்றும் அழுகைக்கு நடுவில் சொன்னாள்.

நான் கல்லூரியில் தத்துவம் படித்தவள். வாழ்க்கை முழுக்க 'ஏன்' என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்கத் தெரியாதவள். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது, "எத்தனை மணிக்கு?"

முப்பத்துநாலு வருடம் ஒருவரோடு குடித்தனம் நடத்தினால் இப்படித்தான் ஆகும்.

அவரைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'விசாரணை' என்பார்கள். பால்காரருக்கு எங்கள் வீடு விசாரணை வீடு. என்னை 'விசாரணையம்மா' என்று கூப்பிட்ட தபால்காரரை ஒருமுறை முறைத்தேன், அதற்கப்புறம் அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கவுண்டரில் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே அரைவட்டமாக ஒரு திறப்பு. கேட்கிறவர் குனிந்து அந்தத் திறப்பில் வாயை வைத்துப் பேச வேண்டும். உள்ளே இருப்பவருக்குத் தெரிவது தாடையும் உதடும் மட்டும். அவரும் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. முப்பத்தொரு வருடம் இந்த உலகத்தைத் தாடை தாடையாகப் பார்த்த மனிதர்.

திறப்புக்கு மேலே ஓர் அட்டை ஒட்டியிருந்தார். 'ஒருவருக்கு ஒரு கேள்வி.' நிர்வாகம் கொடுத்த அட்டை இல்லை, அவர் கையால் எழுதியது. மேலதிகாரி ஒருவர் வந்து இதை யார் எழுதச் சொன்னது என்று கேட்டபோது, பதில் சொல்லிவிட்டு, "அடுத்து" என்றாராம். மேலதிகாரிக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. ஆனாலும் மேலதிகாரி நகர்ந்துவிட்டார். அந்தக் குரல் அப்படி.

எப்போ, எங்கே, எத்தனை, எந்த, எவ்வளவு நேரம். இந்த ஐந்துக்கும் அவரிடம் உடனே பதில் உண்டு, சுத்தமான பதில். ஆறாவது ஒன்று இருக்கிறது. "ஏன் சார் வண்டி லேட்?" என்று யாராவது கேட்டால், "ஏன் இந்தக் கவுண்டரில் இல்லை" என்பார். எந்தக் கவுண்டரில் இருக்கிறது என்று கேட்டால் அது இரண்டாவது கேள்வி.

கல்யாணமான புதிதில் ஒருநாள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போக வேண்டியிருந்தது. சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நிலையத்துக்குப் போனேன். ஓரத்துக் கதவைத் தட்டியிருக்கலாம். புதுப்பெண்டாட்டி இல்லையா, மரியாதையாக வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் குனிந்து, "வீட்டுச் சாவி" என்றேன். உள்ளேயிருந்து பதில் வந்தது: "காணாமப் போன பொருளுக்கு மூணாம் நம்பர் கவுண்டர். அடுத்து."

அவருக்கு என் தாடை இன்னும் பழகவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

வீட்டிலும் அதே ஆள்தான், கண்ணாடி மட்டும் இல்லை. என்னை 'நீங்க' என்றுதான் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரி இதைக் கேட்டுவிட்டுத் தன் புருஷனிடம் போய், பெண்டாட்டிக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறார் பாருங்கள் என்று சண்டை போட்டாள். மரியாதையும் இல்லை, மண்ணும் இல்லை. வரிசையில் வருகிற எல்லாருக்கும் நீங்க. நானும் வரிசையில் ஒருத்தி. சாப்பிட வருகிறீர்களா என்றால், "எட்டு பத்துக்கு" என்பார். எட்டு பத்துக்கு வருவார். உப்பு சரியாக இருக்கிறதா என்றால், "இருக்கு" என்பார். நான் கேட்காவிட்டால் உப்பே இல்லாவிட்டாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார். கேட்டால் பதில், கேட்காவிட்டால் இல்லை. அவராக என்னிடம் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட, "மருந்து எட்டு மணிக்கு" என்று சொன்னாரே தவிர, எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

இந்தக் குணத்தோடு ஒருவர் கவுண்டருக்குள் இருக்கும்வரை ஆபத்தில்லை. வீட்டில் ஒரு மகள் இருந்தாள்.

ஒரே மகள். படித்து, வேலை கிடைத்து, கடல் தாண்டிப் போனாள். அங்கே ஒருவரைப் பிடித்துப்போய்விட்டது. அவருக்கும் அவர் வீட்டுக்கும் தாய்மொழி ஸ்பானிஷ். மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும், சம்பந்திகளுக்கு அதுவும் வராது. மகள் தன் அப்பாவுக்கு ஃபோனில் ஒரு செய்தி அனுப்பினாள். அடுத்த மாதம் பத்தாம் தேதி கல்யாணம், இன்ன ஊரில், நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைக்கிறேன். அவ்வளவுதான் செய்தி. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

நான் காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள். பத்து நாள் கழித்துப் பொறுக்க முடியாமல், அவளுக்கு ஏதாவது பதில் போடக்கூடாதா என்று கேட்டேன்.

"அவ கேக்கலையே" என்றார்.

வருகிறீர்களா என்று அவள் கேட்டிருக்க வேண்டுமாம். தகவல்தானே சொன்னாள். அறிவிப்புப் பலகைக்கு யாராவது பதில் எழுதுவார்களா? அப்பனும் மகளும் ஒரே மண்ணில் பிசைந்தவர்கள். கூப்பிட்டால்தான் வர வேண்டுமா, அப்பாதானே என்று அவள். கேட்டால்தான் சொல்ல முடியும் என்று இவர். கடைசியில் நான் மட்டும் போய் வந்தேன். அந்தக் கல்யாணப் படத்தில் சம்பந்தி, சம்பந்தியம்மா, நான், என் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. திரும்பி வந்த அன்று கதவைத் திறந்தவர் சொன்ன ஒரே வாக்கியம், "விமானம் நாற்பது நிமிஷம் தாமதம்." உண்மைதான். நாற்பது நிமிடம்.

அடுத்த மாதம் மகள் ஃபோனில் அவரைக் கூப்பிட்டு நேராகக் கேட்டாள். "ஏம்பா வரல?"

ஆறாவது கேள்வி. அவர் ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அதிலிருந்து அவள் என்னோடு மட்டும் பேசினாள். நாலு வருடம் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இப்படி இருந்த மனிதர் எப்படி ஸ்பானிஷ் வகுப்புக்குப் போனார் என்றால், அதற்கும் ஒரு கேள்விதான் காரணம். ஒருநாள் மகள் பேசும்போது கை வேலையாக இருந்ததால் ஃபோனை சத்தமாக வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். அந்தப் பக்கத்திலிருந்து திடீரென்று சம்பந்தியம்மாவின் குரல். ஏதோ சொன்னாள், கடைசியில் குரலை உயர்த்தி நிறுத்தினாள். இவர் செய்தித்தாளோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். மொழி தெரியாவிட்டால் என்ன, முப்பத்தொரு வருடம் கேட்ட காது. அது கேள்வி என்று தெரிந்துவிட்டது. அவள் இன்னொரு முறை கேட்டாள். இவர் வாயைத் திறந்து மூடினார். மகள் ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் வரை மனிதர் நிலைகொள்ளவில்லை. "அந்தம்மா ஏதோ கேட்டாங்க" என்றார். ஆமாம் என்றேன். "பதில் சொல்லாம விட்டுட்டேன்" என்றார்.

மகள் மேல் பாசம் பொங்கிவிட்டது என்று நான் ஏமாறவில்லை. கவுண்டரில் ஒரு கறை விழுந்துவிட்டது, அதுதான் அவருக்கு.

மறுவாரமே சேர்ந்துவிட்டார். தையற்கடைக்கு மேலே மாடியில் வகுப்பு. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பையன்கள் ஐந்து பேர், நர்ஸ்கள் இரண்டு பேர், அறுபத்துமூன்று வயதில் இவர். முதல் வரிசை, சுவரோர நாற்காலி. என் தம்பி இதைக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டான். "அத்தான், தமிழ்ல கேட்டதுக்கே நீங்க ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினதில்ல. அந்த ரெண்டு வார்த்தையை ஸ்பானிஷ்ல கத்துக்க ஒரு வருஷ கோர்ஸா?"

"பதினோரு மாசம்" என்று திருத்தினார் இவர்.

பாடம் இரண்டு புத்தகம். முதல் புத்தகம், கேள்விகளைப் புரிந்துகொண்டு பதில் சொல்வது. இரண்டாவது, கேள்வி கேட்பது. முதல் புத்தகத்தை அவர் படித்த வேகத்தைப் பார்த்து டீச்சரே அசந்துவிட்டாளாம். அசர என்ன இருக்கிறது? மனிதர்கள் அறிமுகமில்லாதவரிடம் கேட்கிற கேள்விகள் எந்த மொழியிலும் ஐந்தாறுதான், அத்தனையும் அவருக்குக் கண்ணாடித் திறப்பு வழியாக வந்தவை. 'தோந்தே' என்றால் எங்கே. 'கியென்' என்றால் யார். எப்போது என்பதற்கு ஒரு சொல், எவ்வளவு என்பதற்கு ஒரு சொல், தமிழில் எழுதினால் இரண்டுமே 'குவாந்தோ' என்றுதான் வரும். நோட்டில் ஒன்றை நீல மையிலும் ஒன்றைச் சிவப்பு மையிலும் எழுதி அதைத் தீர்த்தார். 'போர் கே' என்று ஒரு பக்கம் இருந்தது. ஏன். அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்திருந்தார்.

அந்த மொழியில் அவருக்கு மிகவும் பிடித்தது கேள்விக்குறி. அவர்கள் கேள்வியின் தொடக்கத்திலேயே ஒரு குறியைத் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள், முடிவில் நேராக ஒன்று. நம் ஆட்கள் கவுண்டருக்கு வந்து பெரியம்மா மகன் கல்யாணத்தில் ஆரம்பித்து, சாமான் எத்தனை என்பதுவரை சொல்லி, கடைசியில்தான் எந்த வண்டி என்று கேட்பார்களாம். "இவங்க கேள்வி வருதுன்னு முன்னாடியே போர்டு வைக்கிறாங்க" என்றார். அவர் எந்த ஜனங்களையும் அப்படிப் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

அப்புறம் அந்த நீ, நீங்கள் விவகாரம். நமக்கு ஒருவரை மதித்தாலும் நீங்கள், நாலு பேரைக் கூப்பிட்டாலும் நீங்கள். அங்கே வேறு வேறாம். நெருங்கினவர் ஒருவர் என்றால் 'தூ'. மதிக்க வேண்டியவர் ஒருவர் என்றால் 'உஸ்தேத்'. பல பேர் என்றால் 'உஸ்தேதெஸ்'. இதுபோக, நெருங்கினவர்கள் பல பேர் என்றால் 'வோசோத்ரோஸ்' என்று ஒன்று, அதைச் சில நாட்டில்தான் சொல்வார்களாம், சம்பந்திகள் நாட்டில் இல்லையாம். அவர் நோட்டில் 'தூ'வுக்கு நேராக 'குழந்தை' என்று எழுதியிருக்கிறார். 'உஸ்தேத்'துக்கு நேராக 'ஒரு பயணி'. 'உஸ்தேதெஸ்' என்றால் 'வரிசை'. 'வோசோத்ரோஸ்' பக்கத்தில், 'இந்த வண்டி இந்த நிலையத்தில் நிற்காது.'

வீட்டில் பயிற்சிக்கு நான்தான் பயணி. அட்டையில் எழுதி வைத்த கேள்வியை நான் காய் நறுக்கிக்கொண்டே தப்பும் தவறுமாக வாசிக்க வேண்டும், அவர் பதில் சொல்வார். எனக்கும் நாலு வார்த்தை ஒட்டிக்கொண்டது. முதல் புத்தகம் முடிந்ததும் இரண்டாவது வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டார். "அது பயணிங்களுக்கு" என்றாராம்.

அப்புறம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சம்பந்திகளோடு முகம் பார்த்துப் பேச ஏற்பாடு செய்தேன். மகளுக்கு நம்பிக்கையே வரவில்லை, அப்பாவா என்று மூன்று முறை கேட்டாள். அலமாரியிலிருந்து வேலையில் இருந்தபோது போட்ட சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார் இவர். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் சம்பந்தி, சம்பந்தியம்மா, பின்னால் மகளும் மாப்பிள்ளையும். இவர் வழக்கப்படி சம்பந்தியம்மாவின் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தியம்மா சிரித்த முகத்தோடு கேட்டாள்: "கோமோ எஸ்தான் உஸ்தேதெஸ்?" நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

"எஸ்தோய் பியென்" என்றார் பட்டென்று. நான் நலம். நானும்தான் உட்கார்ந்திருந்தேன். முப்பத்துநாலு வருடமாக ஒருவருக்கு மட்டுமே பதில் சொல்லிப் பழகிய வாய், இன்றைக்கு மட்டும் இரண்டு பேருக்குச் சொல்லுமா?

எங்கே வசிக்கிறீர்கள் என்று சம்பந்தி கேட்டார். கதவு எண், தெரு, எந்தப் பேருந்து, எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதுவரை சொன்னார். எத்தனை குழந்தைகள் என்று விளையாட்டுக்குக் கேட்டார்கள், மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. "ஒன்று" என்றார், சிரிக்காமல். அங்கே இப்போது மணி என்ன என்று கேட்டார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தோடு சொன்னார். ஒரு பிழை இல்லை. மாப்பிள்ளை கைதட்டினார். மகளின் முகம் நாலு வருடத்தில் முதல்முறையாக அப்பாவைப் பார்த்து மலர்ந்தது. நானே கொஞ்சம் பெருமைப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவர்கள் கேட்டு முடித்துவிட்டார்கள். இப்போது இவர் முறை. திரையின் அந்தப் பக்கம் நாலு பேரும் ஆவலாகக் காத்திருந்தார்கள், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று திருப்பி ஒரு வார்த்தைக்கு. நான் முழங்கையால் இடித்தேன். அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, தெளிவான குரலில், "சிகியெந்தே" என்றார்.

அடுத்து.

அந்தச் சொல் புத்தகத்தில் இல்லை. டீச்சரிடம் தனியாகக் கேட்டு வாங்கி வைத்திருந்தாராம், எதற்கும் இருக்கட்டும் என்று.

சம்பந்தி முதலில் சிரித்தார். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள், தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று. நான் பல வருடம் முன்னால் சாவியோடு நின்ற மாதிரியே இருந்தது. திரை அணைந்துவிட்டது.

அரை மணியில் மகள் என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, அவரு எங்க மாமியாரை வரிசையில நிக்க வெச்சுட்டாரு."

சம்பந்திகள் இரண்டு பேரும் இந்தக் கோடையில் இங்கே வரலாம் என்று விடுப்பெல்லாம் சொல்லி வைத்திருந்தார்களாம். நாலு வருடமாக மருமகள் தன் வீட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை, நாமே போய்ச் சேர்த்து வைப்போம் என்று சம்பந்தியம்மாவின் யோசனை. இப்போது அவள், உன் அப்பாவுக்கு எங்களைப் பிடிக்கவில்லை, நாங்கள் எப்படி வருவது என்கிறாளாம். பேசிக்கொண்டே வந்த மகள் கடைசியில் சொன்னாள். "அவரு வாயால கேக்கட்டும்மா. எப்போ வர்றீங்கன்னு ஒரே ஒரு கேள்வி. அவங்க பாஷையிலேயே. அன்னிக்கே டிக்கெட் போடறோம், நானும் வர்றேன். கேக்கலேன்னா இனிமே என்னைக் கூப்பிடாத."

அவரிடம் அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் பாஷையில் சொன்னால், அறிவிப்பு.

மூன்றாம் நாள் பையை எடுத்துக்கொண்டு மாடி வகுப்புக்குப் போய், இரண்டாவது புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தார். டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவள் புத்திசாலி. நேரே அந்த ஒரு கேள்வியைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் கவுண்டரில் சொல்வதுபோல் சொல்லிவிட்டு வைத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடம் கேட்பதற்குப் பத்துக் கேள்வி நீங்களே எழுதுங்கள் என்றாள். ஒரு நாளைக்கு ஒன்று. எழுதியதை அன்றைக்கே உயிருள்ள ஒரு ஆளிடம் கேட்டுவிட வேண்டும். பத்தாவது, எப்போது வருகிறீர்கள் என்பது. அடுத்த அழைப்புக்கு மறுவாரம் ஞாயிறு என்று முடிவானது.

அந்த உயிருள்ள ஆள் நான்.

முதல் மூன்றும் சுகமா, பெயர் என்ன, பயணம் எப்படி இருந்தது. நாலாவது நாள் அடுக்களை வாசலில் வந்து நின்றார். ஸ்பானிஷில் கேட்டார். நான் விழித்தேன். தமிழில் சொன்னார்: "உங்க வீட்டுல எத்தனை ஜன்னல் இருக்கு?"

"எந்த வீட்டுல?"

"இந்த வீட்டுல."

"நீங்களும் இங்கதான இருக்கீங்க."

"கேட்டா பதில் சொல்லணும்."

"ஆறு."

"ஏழு" என்றார். "குளியலறையில ஒண்ணு." நோட்டில் சரி போட்டுக்கொண்டு போனார்.

ஏழாவது கேள்வியை அவர் கேட்க வந்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "கே லேஸ் குஸ்தா?" என்றார். உங்கள் இருவருக்கும் என்ன பிடிக்கும்? விருந்தாளிகள் இரண்டு பேர் என்பதால் பன்மையில் எழுதியிருந்தார், எழுதியபடியே கேட்டார். எனக்குப் பின்னால் இன்னொரு ஆள் நிற்பதுபோல் இருந்தது. முப்பத்துநாலு வருடத்தில் எனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு கேள்வி வருகிறது, அதிலும் பாதிதான் எனக்கு.

"ஏன் கேக்கறீங்க?" என்றேன்.

வழக்கமான பதிலுக்காகத்தான் கேட்டேன். நோட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், தாடையை இல்லை. "தெரியல" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு விசாரணைக்காரர் சொல்லக்கூடாத ஒரே சொல் அது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவசரமில்லை என்றார்.

வியாழக்கிழமை காலை வகுப்புக்குக் கிளம்பும்போது ஒன்பது கேள்வி முடிந்திருந்தது. பத்தாவதை வகுப்பிலேயே எழுதிவிடுவதாகச் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு படியில் ஒரு நிமிடம் நின்றார். "அவங்க வந்தா முன் ரூம் போதும்ல?" என்றார். போதும் என்றேன். அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான் அது பயிற்சி இல்லை என்று எனக்கு உறைத்தது.

அன்று மத்தியானம் வீடு நிறைந்துவிட்டது. இந்த வயதில் மூளைக்கு இவ்வளவு வேலை கொடுக்கலாமா என்று ஒருவர் வருத்தப்பட்டார். ஸ்பானிஷ் என்பது தலைக்குச் சூடு என்று இன்னொருவர் வைத்தியம் சொன்னார். சாகும்போது என்ன பேசினார் என்று விசாரித்த மூன்று பேரை என் தம்பி, "ஒருத்தருக்கு ஒரு கேள்விதான், நகருங்க" என்று வெளியே அனுப்பிவிட்டு, வாசலில் தனியாக நின்று அழுதான். பழைய டிக்கெட் கவுண்டர்காரர் ஒருவர் வந்திருந்தார். "முப்பத்தொரு வருஷத்துல ஒருத்தருக்கும் தப்பான நேரம் சொன்னதில்லம்மா" என்றார். அது உண்மைதான். சரியான நேரத்தில் ஒன்றைச் சொன்னதும் இல்லை.

மூன்றாம் நாள் மகள் வந்தாள். மாப்பிள்ளை வந்தார். சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே வரலாம் என்பது நாலு பேருக்கும் அன்றைக்குத் தெரிந்திருந்தது. இதை நாலு வருடம் முன்னால் என் மகள் தெரிந்துகொண்டிருக்கலாம், அவள் அப்பாவும் தெரிந்துகொண்டிருக்கலாம். இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்ல எனக்கும் வாய் இருந்தது.

மகள் உள்ளே அவருடைய சட்டைகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முன் அறையில் நான் மட்டும். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், அன்றைக்குத் திரையில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். "கோமோ எஸ்தான் உஸ்தேதெஸ்?" இரண்டு பேருக்குமாக. கேட்டுவிட்டு அவளுக்கே முகம் செத்துவிட்டது. மாப்பிள்ளை ஏதோ சொல்லிச் சமாளிக்க வந்தார். அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டிருந்தது. "எஸ்தோய் பியென்" என்றேன். இந்த முறை ஒருவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் டீச்சர் வந்து அவருடைய பையைக் கொடுத்தாள். நோட்டு மேலே இருந்தது. சம்பந்தியம்மா அதை வாங்கிப் புரட்டினாள். கேள்விகள் அவள் மொழியிலும், பக்கத்தில் உச்சரிப்பு தமிழிலும் இருந்தன. அவள் அவருடைய நாற்காலிக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். முதல் கேள்வியைச் சத்தமாகப் படித்தாள், பிறகு நாற்காலியைப் பார்த்துப் பதில் சொன்னாள். இரண்டாவதைப் படித்தாள், பதில் சொன்னாள். மகள் கதவருகே வந்து நின்று எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். எத்தனை ஜன்னல் என்பதற்கு அந்தம்மாள் கண்ணை மூடி, விரல் விட்டு எண்ணிப் பதினொன்று என்றாள். சம்பந்தி குறுக்கிட்டுப் பன்னிரண்டு என்றார். என்ன பிடிக்கும் என்ற இடத்தில் இருவரும் மாறி மாறி வெகுநேரம் பேசினார்கள். மகளால் முழுதும் சொல்ல முடியவில்லை. எட்டு. ஒன்பது.

பத்தாவதற்கு வந்ததும் அவள் நிறுத்திவிட்டு நோட்டை மகளிடம் நீட்டினாள்.

அந்தப் பக்கம் இப்போதும் அப்படியே இருக்கிறது. நீல மையில் பத்து என்று எண், ஒரு புள்ளி, அதற்கடுத்துத் தலைகீழாக ஒரு கேள்விக்குறி. அதற்கப்புறம் வரியில் எதுவும் இல்லை.